வணக்கம் எங்கே சென்று சேர்கிறது?

மதுரையை அடுத்த திருவாதவூர், மாணிக்கவாசகர் பிறந்த ஊர். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொருளை அவர் திருப்பெருந்துறையில் கோயிற்பணிக்குச் செலவிட்டார் என்பது வழிவழி வந்த வரலாறு. அவருடைய செப்புத் திருமேனி ஒன்று தமிழகக் கோயிலினின்று களவுபோய்க் கடல் கடந்தது. 2016 ஜூன் மாதம், இந்தியப் பிரதமர் கலந்துகொண்ட வாஷிங்டன் நிகழ்ச்சியில் அமெரிக்க அரசு அதைத் திருப்பியளித்தபோது, அதன் மதிப்பு 15 லட்சம் டாலர் என்று குறிக்கப்பட்டது. பொருளைப் பெரிதாக எண்ணாத அடியவரின் உருவுக்கு விலை!

இச்செய்தி நமக்கும் ஒரு வினாவை எழுப்புகிறது. நம் பங்குகளிலும் நகரத்துக் கலைக்கூடங்களிலும் சமயக் கலைக் கண்காட்சிகளும், ஊர்மக்களின் வாழ்வைக் காட்டும் புகைப்படக் கண்காட்சிகளும் நடைபெறுகின்றன. மெழுகுதிரி ஏற்றி நாம் மன்றாடிய சுரூபம், கலைக்கூடத்தில் விளக்கொளியில் நிற்கும்போது என்னவாகிறது? வெறும் அழகுப்பொருள்தானா?

கலைக்கூடத்தைப் பழிப்பது எளிது. ஆயினும் பழைய சுரூபங்கள் கரையானுக்கும் கள்வனுக்கும் இரையாகாமல் அங்கே காக்கப்படுகின்றன. ஆலய வாசலை மிதியாதவரும் அங்கே பாடுபட்ட சுரூபத்தின்முன் சற்று நின்று போகிறார். இதுவும் நன்மையே.

குறை இடத்தில் இல்லை, பார்வையில் இருக்கிறது. திருவுருவங்களை உடைத்தவர்களை மறுத்த இரண்டாம் நீசேயா பொதுச்சங்கம், உருவத்துக்குச் செய்யும் வணக்கம் அது குறிக்கும் ஆளையே சென்று சேர்கிறது என்று 787ஆம் ஆண்டில் கற்பித்தது. உருவத்தோடு நின்றுவிடும் பக்தி குறையுடையது. உருவத்தோடு நின்றுவிடும் இரசனையும் அவ்வாறே.

இந்த அளவுகோல் புகைப்படத்துக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். மனிதனே கடவுளின் சாயல் என்கிறது தொடக்கநூல். வயலில் கூலிவேலை செய்யும் மூதாட்டியின் சுருங்கிய முகம் சட்டமிட்டுச் சுவரில் தொங்குகிறது. 'என்ன அருமையான படம்!' என்கிறோம். பாராட்டு படம் எடுத்தவருக்கு. பெருமை ஏற்பாடு செய்தவருக்கு. அம்முகத்துக்கு உரியவளுக்கு என்ன? அவளிடம் ஒப்புதல் கேட்டோமா? அவளை அழைத்தோமா? உண்மை வெளிவர வேண்டுமே என்று சிலர் கூறுவர். வரவேண்டும்தான். ஆனால் ஒருவருடைய வறுமையை அவரறியாமல் காட்சிக்கு வைத்துவிட்டு, அதை உண்மை என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியுமா?

மதுரையைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் பழனிகுமார் வேறு வழி காட்டுகிறார். துப்புரவுத் தொழிலாளரின் துயரைப் பேசும் 'கக்கூஸ்' என்னும் 2017ஆம் ஆண்டு ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்த இவர், உழைக்கும் மக்களின் பிள்ளைகள் கையில் காமிராவைக் கொடுத்துக் கற்பித்தும் வருகிறார். பிறரால் பார்க்கப்பட்டே பழகியவர்கள், தாமே பார்த்துச் சொல்பவர்களாகிறார்கள்.

ஆகவே, நாம் கண்காட்சி அமைக்கும்போது சுரூபத்தின் அருகே அது செய்யப்பட்ட காலத்தை மட்டுமன்றி, அதன்முன் மன்றாடிய ஊரின் பெயரையும் எழுதுவோம். படத்தில் இருப்பவரின் பெயரை அவர் இசைவோடு எழுதுவோம். பெயர் வெளிவருவது அவருக்குக் கேடெனில் மறைப்போம். அதையும் அவரே முடிவு செய்யட்டும். திறப்புவிழாவில் முன்வரிசை நாற்காலி அவருக்கும் உண்டு.

கண்காட்சி முடிந்து வெளியே வரும்போது, சுவரில் கண்ட முகங்களை வீதியில் கண்டு, நின்று, நலம் விசாரிப்போமாயின், வணக்கம் சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்தது எனலாம்.