தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமை

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில், பெருமுக்கல் மலைக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் வீடு. வாசல் வேப்பமரத்தடியில் இருபது வயதைத் தாண்டிய கார் ஒன்று நிற்கும். வாரத்துக்கு இரண்டு முறை அதன் ரேடியேட்டரில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. "வண்டிக்கு வயசாயிடுச்சு, தண்ணி குடிக்குது" என்பார் அப்பா. அந்த வாக்கியத்தை நம்பி ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டோம்.

காரை விற்கப் பேச்சு வந்தபோதுதான் சிக்கல். வாங்க வந்தவன் தெருக்கோடிப் பையன். மரக்காணம் உப்பளத்தில் லோடு கணக்கு எழுதுகிறான். அப்பாவைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவான். அவன் வருவதற்கு முன் மெக்கானிக்கிடம் காட்டிவிடலாம் என்றேன். அப்பா சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது: "காட்டாத. காட்டினா தெரிஞ்சிடும். தெரிஞ்சா சொல்லணும். தெரியாதத சொல்லலன்னா அது பொய் இல்ல."

இதை வெறும் தந்திரம் என்று தள்ளிவிட முடியவில்லை. சட்டமும் கிட்டத்தட்ட அப்பா பக்கம்தான் நிற்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-ஆம் பிரிவில், வெறும் மௌனம் மோசடி ஆகாது என்கிறது. அதற்கு ஓர் உதாரணமும் தருகிறது. ஒருவன் தன் குதிரை நோய்ப்பட்டது என்று தெரிந்தே ஏலத்தில் விற்கிறான்; வாங்குபவனிடம் எதுவும் சொல்லவில்லை. அது மோசடி இல்லை. ஆனால் அடுத்த உதாரணத்திலேயே சட்டம் ஒரு கதவைத் திறக்கிறது. வாங்குபவள் அவனுடைய மகள், அப்போதுதான் வயதுக்கு வந்தவள் என்றால், அந்த உறவே அவனைச் சொல்லக் கடமைப்படுத்துகிறது. அப்படியானால், பெரியப்பா என்று கூப்பிடுகிறவன் இந்த இரண்டு உதாரணங்களில் எதில் வருவான்?

அப்பாவுக்குத் தெரியாமல் மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். கார் அடியில் ஈரம் இல்லை. ஏசி போட்டால் சொட்டுவது சாதாரணத் தண்ணீர், அதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை என்றார். ஹோஸ் இணைப்புகளில் காய்ந்த வெள்ளைக் கறை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். வாட்டர் பம்பின் அடியிலுள்ள சின்னத் துளையில் விரல் வைத்துப் பார்த்தார். எங்கும் கசிவு இல்லை. இன்ஜின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு கைப்பம்பைப் பொருத்தி அழுத்தம் ஏற்றினார். ஓடும்போது உள்ளே இப்படி அழுத்தம் இருப்பதால்தான் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டில் மூடியைத் திறந்தால் முகத்தில் பீறிடுவதும் அதனால்தான். பத்து நிமிடத்தில் முள் மெல்ல இறங்கியது. வெளியே ஒரு சொட்டும் இல்லை.

"வெளிய போகலன்னா உள்ளதான் போவுது" என்றார்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். இரண்டில் வழக்கமான பழுப்பு நிறம் இருந்தது. மூன்றாவது மட்டும் ஆவியில் கழுவியதுபோலப் பளபளத்தது. பிளக் இல்லாமல் சாவியைத் திருப்பியபோது அந்தத் துளையிலிருந்து சாரல் அடித்தது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எந்தத் தண்ணீரை ஊற்றினீர்கள் என்று கேட்டார். போர் தண்ணீர் என்றேன். எங்கள் பக்கத்தில் அது நாக்கில் கரிக்கும். அலுமினிய ஹெட்டை உப்பு அரிக்கும், அதைத் தடுக்கும் மருந்து கூலண்டில்தான் இருக்கிறது என்றார். நான் பராமரிப்பு என்று நினைத்துச் செய்ததே அரிப்புக்கு வழிவிட்டிருந்தது.

வில்லியம் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் 1877-இல் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழையது, பலமுறை பழுது பார்த்தது. சந்தேகம் வருகிறது. சோதித்தால் செலவு. இத்தனை பயணம் போய்த் திரும்பிய கப்பல்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, மனதார நம்பியே, குடும்பம் குடும்பமாக ஆட்களை ஏற்றி அனுப்புகிறார். அது நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் நம்பியது உண்மைதான். ஆனால் அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிஃபர்ட். அந்த நம்பிக்கை, சந்தேகத்தை நெரித்து வாங்கியது.

நானும் அப்படித்தான். ஒவ்வொரு சொம்பு தண்ணீரும் ஒரு கேள்வி. ஊற்றி முடித்ததும் கேள்வி அடங்கிவிடும். பையன் வரும் காலையிலும் ஊற்றி நிறைத்து வைத்திருந்தால் அது வெறும் மௌனமாக இருந்திருக்காது. வாயால் சொல்லாத பொய்யைக் கையால் சொன்னதாகியிருக்கும்.

அவன் வந்தான். அப்பா பக்கத்தில் இருக்கும்போதே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். இதோடு என் கடமை முடிந்தது என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவன் விலையைப் பற்றிப் பேசவில்லை. கொஞ்ச நேரம் பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்:

"போன ஐப்பசியில ராத்திரி மழையில அவளப் பிரசவத்துக்குப் பாண்டிக்குக் கூட்டிக்கினு போனோமே. அப்பவும் இது இருந்துச்சாண்ணே?"

அன்று ஓட்டியது நான். கிளம்பும் முன் ஒரு சொம்பு ஊற்றினேன். வழியில் இன்ஜின் சூடேறி நின்றிருந்தால் அந்த மழையில் உதவிக்கு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். நிற்கவில்லை. குழந்தை நன்றாக இருக்கிறது.

கிளிஃபர்ட் கதையை அங்கே முடிக்கவில்லை. கப்பல் மூழ்காமல் பத்திரமாகத் திரும்பியிருந்தால் முதலாளியின் குற்றம் குறையுமா என்று கேட்கிறார். துளியும் குறையாது என்கிறார். படித்த காலத்தில் இது கறாரான கணக்காகத் தோன்றியது. விபத்தே நடக்காதபோது குற்றம் எங்கிருந்து வரும்? இப்போது அந்தக் கேள்வியை என்னால் அவ்வளவு எளிதாகக் கேட்க முடியவில்லை. மூழ்கிய கப்பலுக்கு விசாரணை உண்டு. திரும்பி வந்த கப்பலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. முதலாளியே கேட்டுக்கொண்டால்தான் உண்டு. எங்கள் விஷயத்தில் பயணியே கேட்டுவிட்டான்.

"இருந்திருக்கும்" என்றேன்.

"தெரியுமா?"

"தெரியாது. பாக்கல."

அப்பாவின் வாதம் என் வாயிலிருந்தே வந்தது. இந்த முறை அதற்குள் ஒளிந்துகொள்ள இடமில்லை. அவன் தலையாட்டினான். கேஸ்கெட் செலவைக் கழித்துக்கொண்டு காரை எடுத்துக்கொண்டான். அப்பாவைப் பார்த்தால் இன்னும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுகிறான். அவர்தான் சட்டென்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார்.