யாருக்காகக் கொன்றது?

புத்தர் ஊன் உண்டாரா என்ற கேள்விக்குப் பாலி நூல்கள் ஒளிவுமறைவு இல்லாமல் விடை தருகின்றன. உண்டார். பிட்சைப் பாத்திரத்தில் விழுந்ததை உண்டார். ராஜகிருகத்து மருத்துவர் ஜீவகர் இதைப் பற்றி அவரிடமே நேரில் கேட்டிருக்கிறார்; மஜ்ஜிம நிகாயத்தின் 55ஆம் சுத்தம், அதாவது போதனை, அந்த உரையாடல்தான். தனக்காகக் கொன்றதைப் பிக்கு கண்டிருந்தாலோ, கேட்டிருந்தாலோ, அப்படி இருக்குமோ என்று ஐயுற்றாலோ அந்த ஊனைத் தொடக் கூடாது. இம்மூன்றும் இல்லையென்றால் ஏற்கலாம்.

இந்த விதி யாருக்குச் சொன்னது என்பதை மறந்துவிடுகிறோம். பிக்குவுக்கு அடுப்பு கிடையாது, காசு கிடையாது, இது வேண்டும் அது வேண்டாம் என்று கேட்கும் வழக்கமும் கிடையாது. காலையில் வாசலில் வந்து நிற்பார். அந்த வீட்டில் என்ன சமைத்தார்களோ அதில் ஒரு பிடி விழும். சோற்றைப் பார்த்து ஒதுங்கும் துறவி, கடைசியில் சோறிட்டவரைத்தான் ஒதுக்குகிறார். பிக்குகள் எல்லோரும் மீனும் ஊனும் விலக்க வேண்டும் என்று சங்கத்துப் பிக்குவான தேவதத்தன் வற்புறுத்தியபோது புத்தர் இணங்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்றே எண்ணுகிறேன்.

சுத்த நிபாதத்தில் ஆமகந்த சுத்தம் என்று ஒன்று உண்டு. புலால் உண்பதை நாற்றம் என்று பழிப்பவருக்கு அது மறுமொழி. கொலை, களவு, பொய், வஞ்சகம் இவைதாம் நாற்றம், ஊன் உண்பது அல்ல என்கிறது. நம் நாட்டில் இதை உரக்கவே படிக்க வேண்டும். வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் ‘நீங்கள் சைவமா?’ என்று கேட்டுச் சாதியை அறிந்துகொள்ளும் தெருக்கள் இன்றும் இருக்கின்றன. மாட்டிறைச்சியை வைத்தே தீண்டாமை எழுந்தது என்று அம்பேத்கர் 1948இல் ஒரு நூல் முழுக்க வாதிட்டார். செத்த மாட்டை உண்டவர்கள் எதையும் கொல்லவில்லை. ஆனாலும் இழிந்தவர் ஆக்கப்பட்டது அவர்கள்தாம். உணவைக் கொண்டு மனிதரை அளக்கும் அந்தப் பழக்கத்துக்குப் புத்தரைத் துணைக்கு அழைக்க முடியாது.

இதுவரை எனக்குத் தடை இல்லை. தடை வருவது வைசாலியில்.

அங்கே சீகன் என்ற சேனாபதி புத்தரை விருந்துக்கு அழைத்தார். ஆள் அனுப்பி, ஏற்கெனவே வெட்டி வைத்திருந்த இறைச்சியை வாங்கிவரச் செய்தார். புத்தருக்காகவே விலங்கைக் கொன்றார்கள் என்று நிகண்டர்கள் என்ற சமணத் துறவிகள் தெருத்தெருவாகக் கூவினார்கள். தான் அறிந்தே எந்த உயிரையும் கொல்வதில்லை என்றார் சேனாபதி. பிக்குகளின் விதிநூலான விநயம் அவர் பக்கம் நிற்கிறது. என்னால் முழு மனத்தோடு நிற்க முடியவில்லை. விற்பவன் யாரோ ஒருவர் வருவார் என்று நம்பித்தான் வெட்டினான். அந்த யாரோ ஒருவராக வந்தவர் சேனாபதி. வாங்குவோர் இல்லையேல் விற்போர் இல்லை என்று புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் பிடித்த பிடி இதுதான். மகாயான நூலான லங்காவதார சூத்திரமும் இதையே சொல்லி ஊனை அறவே விலக்கியது. இல்லறத்தார் ஊன் வணிகம் செய்யலாகாது என்று அங்குத்தர நிகாயமே தடுக்கிறது. விற்பது தீத்தொழில் என்றால், அதற்குக் காசு கொடுப்பது மட்டும் எப்படிக் குற்றமற்றதாகும்?

இந்தக் கேள்வியைக் கேட்காத இடங்களில் நடந்தது கொடுமை. ஜப்பானில் பேரரசர் தென்மு 675இல் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை உண்ணத் தடை போட்டார். கொலைக்கு அஞ்சிய சமூகம், மாட்டை அறுத்துத் தோல் பதனிட்டவர்களைப் பின்னாளில் தீட்டுப்பட்டவர்களாக ஊருக்கு வெளியே வைத்தது. தோல் மட்டும் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. அந்த இழிநிலையைச் சட்டம் நீக்கியது 1871இல். பாவத்தை அடுத்தவர் தலையில் ஏற்றிவிட்டு அவரையே அருவருப்பது, உண்பதைவிடப் பெரிய தீமை.

நம் மணிமேகலையில் சாதுவன் கதை வருகிறது. கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கியவன், ஊனும் கள்ளும் இல்லாமல் நாங்கள் எப்படி வாழ்வது என்று கேட்ட நாகர் தலைவனிடம் எல்லாவற்றையும் விடு என்று சொல்லவில்லை. மூப்பினால் இறந்த விலங்கை உண், மற்ற உயிர்களைக் கொல்லாதே என்கிறான். கேட்பவனால் எது முடியும் என்று பார்த்துச் சொன்ன அறம். திபெத்தின் மேட்டு நிலத்தில் காய்கறி அரிது. அங்கே பலர் ஒரு யாக் மாட்டை அறுத்துப் பல நாள் உண்பதை, ஒரு வேளைக்குப் பல சிற்றுயிரைக் கொல்வதைவிட மேலாகக் கருதினார்கள்.

பருப்பும் கீரையும் தெருமுனையில் கிடைக்கும் நமக்கு அந்த நெருக்கடி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோழிக்கடைக்குப் போகிறவர் கூண்டுக்குள் இருக்கும் ஒன்றை விரல் நீட்டிக் காட்டுகிறார்; தராசில் வைக்கிறார்கள்; அவர் எதிரிலேயே கழுத்து அறுபடுகிறது. கண்டாயிற்று, கேட்டாயிற்று, ஐயத்துக்கு இடமே இல்லை. புத்தரின் மூன்று நிபந்தனைகளில் ஒன்றுகூட அவருக்கு உதவாது. விடக் கூடியவர்கள் விட வேண்டும் என்பதே என் முடிவு. விடாதவர்கள், தமக்காகவே கொன்றது என்று அறிந்து உண்ணட்டும். அறுத்துக் கொடுத்தவரைத் தம் வீட்டுக் கூடத்தில் சமமாக உட்கார வைக்கட்டும்.