திறந்த தெருவும் மூடிய கதவும்

பிறர் பொருளை அவர் கொடாமல் எடுத்துக்கொள்வது களவு என்பதில் எச்சமயத்தாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆயின், எது பொருள் என்னும் வினா காலந்தோறும் புதிதாக எழுகின்றது. பொன்னும் நெல்லும் பொருள் என்பது தெளிவு. தெருவில் செல்லும் ஒருவருடைய முகம் அவருக்குரிய பொருளாகுமா? அவர் அறியாமல் அதனைப் படம் பிடிப்பவர் எதையேனும் எடுத்தவர் ஆவாரா? கைப்பேசிதோறும் படக்கருவி அமைந்துவிட்ட இந்நாளில், இவ்வினா கலைஞர்க்கு மட்டுமன்றி நம் எல்லோருக்கும் உரியதாகின்றது.

தருமபுரிக்குத் தெற்கே சேலம் நெடுஞ்சாலையையொட்டி உள்ள அதியமான்கோட்டையை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள சென்றாயப் பெருமாள் கோயில் மண்டப விதானத்தில் இதிகாசக் காட்சிகள் ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. எவ்வளவு நேரம் உற்று நோக்கினும் ஓவிய மாந்தர் கூசுவதில்லை. அதே ஊரின் காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமிதோறும் பெருங்கூட்டம் கூடுகின்றது. சாம்பல் பூசணியைப் பிளந்து, எண்ணெய் வார்த்துத் திரியேற்றி மக்கள் வேண்டிக்கொள்கின்றனர். கடன், நோய், வழக்கு, மகளின் திருமணம் என ஒவ்வொருவர்க்கும் ஒரு சுமை. விளக்கொளி கீழிருந்து படியும் அம்முகங்கள் எந்தப் புகைப்படக்காரரையும் ஈர்க்கும்.

முன்பின் அறியாத ஓர் அம்மையாரை அணுகி, "அம்மா, உங்களை ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால், அவர் கண்ணைத் துடைத்து, முந்தானையைத் திருத்தி, நிமிர்ந்து நின்றுவிடுவார். கேளாமல் எடுத்தால் இயல்பான முகம் கிடைக்கும். கேட்டு எடுத்தால் இசைவு கிடைக்கும். இரண்டும் ஒருங்கே கிடைத்தல் அரிது. சிக்கல் இங்கேதான் தொடங்குகின்றது.

"படம் எடுப்பதால் அவருக்கு என்ன குறைந்துவிட்டது? முகம் அவரிடமே இருக்கின்றதே!" என்று சிலர் வினவுவர். புறக்கணிக்கத்தக்க வாதமன்று இது. தெருவில் நிற்பவரைக் காண்பது குற்றமாயின், எவரும் வெளியே நடமாட இயலாது.

இவ்விடத்து நம் முன்னோர் ஆராய்ச்சி ஒன்று கைகொடுக்கின்றது. கொடாததைக் கொள்ளுதல் களவு என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் வரையறுக்கின்றது. அதற்குச் சர்வார்த்த சித்தி என்னும் உரை கண்ட பூஜ்யபாதர் ஒரு தடையை எழுப்புகின்றார். ஊருக்குள் செல்லும் முனிவர், எவரும் தமக்குக் கொடாத தெருவிலும் வாயிலிலும் நுழைகின்றாரே, அதுவும் களவாகுமா? ஆகாது என்பது அவர் விடை. தெரு எல்லோருக்கும் பொதுவாக விடப்பட்டது. அதே முனிவர் மூடிய கதவினுள் நுழைவதில்லை. அது பொதுவாக விடப்படவில்லை.

இந்த அளவுகோலை முகத்திற்கும் பொருத்திப் பார்க்கலாம். சந்தையில் காய் விற்பவர், தேர் இழுப்பவர், திருவிழாக் கூட்டத்தில் ஒருவராக நிற்பவர் ஆகியோரின் முகம் பெரிதும் திறந்த தெருவே. விளக்கின் முன் கண்மூடி அழுபவருடைய முகமோ, திறந்த வெளியில் இருப்பினும் மூடிய கதவு. அவர் அதனைத் தெய்வத்தின் முன் திறந்தார், நமக்காகத் திறக்கவில்லை. ஆகவே நிற்கும் இடம் மட்டும் இவ்வினாவைத் தீர்ப்பதில்லை. அவர் எந்நிலையில் நிற்கின்றார் என்பதும் நோக்கத்தக்கது. நம் உச்ச நீதிமன்றமும் இதனையொட்டிய கருத்தைக் கூறியுள்ளது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என ஏற்றது. பொது இடத்தில் இருப்பதாலேயே ஒருவர் அவ்வுரிமையை இழந்துவிடுவதில்லை என்பதும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது.

நன்னோக்கம் இருப்பின் எடுக்கலாமன்றோ எனலாம். 1936 மார்ச்சில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பட்டாணி பறிக்கும் கூலியாட்களின் முகாமில் ஒரு தாயை டாரத்தியா லாங்கே படம் எடுத்தார். அவர் மறைந்து நின்று எடுக்கவில்லை. நேரே அணுகியே எடுத்தார். ஆயினும் அத்தாயின் பெயரைக் கேட்டறியவில்லை. படம் நாளிதழில் வெளிவந்தபின் முகாமுக்கு உணவு அனுப்பப்பட்டது. அதற்குள் அக்குடும்பம் வேறிடம் சென்றிருந்தது. படம் உலகப் புகழ் பெற்றது. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் வெளிப்பட்டது 1978இல்தான். தமக்கு அப்படத்தால் ஒரு பயனும் விளையவில்லை என்று அவர் மனங்கசந்து கூறினார். பிறருக்கு நன்மை விளைந்தது உண்மை. வறுமையின் சின்னமாகத் தம் முகம் நிலைத்துவிட்டதை அவர் விரும்பவில்லை என்பதும் உண்மை. எடுக்க இசைதல் வேறு, எங்கும் பரவ இசைதல் வேறு என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

அங்ஙனமாயின் இயல்பான படமே கூடாதா? அப்படிக் கூறுவதற்கில்லை. கூட்டத்தைத் தொலைவிலிருந்து எடுப்பதில் எவர்க்கும் துன்பம் இல்லை. ஒருவரைத் தனித்து எடுத்தால், உடனே அருகில் சென்று படத்தைக் காட்டி, வேண்டாம் என்றால் அவர் கண்முன்னே அழித்துவிடலாம். "வேண்டாம் தம்பி" என்ற சொல்லுக்குக் காரணம் கேட்கலாகாது. துயரிலும் வழிபாட்டிலும் இருப்போரிடம், குழந்தைகளிடம், முன்னரே கேட்டல் வேண்டும், குழந்தையாயின் பெற்றோரிடம். அதனால் நல்ல படம் ஒன்று தவறிப்போகலாம். தவறட்டும். முந்தானையைத் திருத்திக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் அம்மையாரின் முகமும் பொய்ம்முகமன்று. உலகம் தம்மை எப்படிக் காண வேண்டும் என்று அவர் விரும்பினாரோ, அந்த முகம் அது.

படம் எடுக்காதவர்க்கும் இதில் பங்கு உண்டு. கள்ளாமை விரதத்தின் குற்றங்களாகச் சொல்லப்பட்ட ஐந்தனுள், கள்வர் கொணர்ந்ததை வாங்கிக்கொள்வதும் ஒன்று. பேருந்தில் உறங்கிச் சரிந்தவர், தெருவில் வழுக்கி விழுந்தவர், இழவு வீட்டில் கதறியவர் ஆகியோரின் படங்கள் நம் கைப்பேசிக்கு நாள்தோறும் வருகின்றன. எடுத்தவர் யாரோ. அதனைக் கண்டு சிரித்து, மேலும் பத்துப் பேருக்கு அனுப்புபவர் நாம். செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றினுள் மூன்றாவது நம்முடையதாகின்றது. அடுத்த முறை அத்தகைய படம் வரும்போது, அதில் இருப்பவர் நம் எதிரே நின்றால் இதனை அவருக்குக் காட்டுவோமா என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக. காட்ட மனம் கூசுமாயின், அது அனுப்பத்தக்கதன்று.