ஊற்றுப்பேனாவின் வரிகளும் சற்காரியவாதமும்

காரியம் தோன்றுமுன்பே காரணத்துக்குள் சூக்குமமாக இருக்கிறது என்பது சைவ சித்தாந்தம் ஏற்கும் சற்காரியவாதம். முன்பு இல்லாததே காரியமாகப் புதிதாகப் பிறக்கிறது என்பது நியாய வைசேஷிகரின் அசற்காரியவாதம். மண்ணையும் குடத்தையும் காட்டி நடந்துவந்த இந்த வழக்குக்குப் பழைய ஊற்றுப்பேனாவின் வண்ண வரிகளும் நல்ல சாட்சி.

1920களுக்கு முன் பேனா உடல் பெரும்பாலும் எபோனைட் என்னும் கடின ரப்பரால் ஆனது. 1924இல் ஷீஃபர் நிறுவனம் செல்லுலாய்டுக்கு மாறியது, மற்றவையும் தொடர்ந்தன. பஞ்சின் செல்லுலோஸை நைட்ரிக், கந்தக அமிலங்களில் பதப்படுத்தி, கற்பூரமும் ஆல்கஹாலும் சேர்த்துப் பிசைந்தால் செல்லுலாய்டு கிடைக்கும். பல நிறத் துண்டுகளைக் கலந்து சூட்டில் அழுத்தினால் பளிங்கு போன்ற கட்டி உருவாகும். நிறத்தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி அழுத்தினால் அடுக்குக்கட்டி உருவாகும். பார்க்கர் 1933இல் கொண்டுவந்த வாக்குமேட்டிக் பேனாவின் வளைய வரிகள் அடுக்குமுறையில் வந்தவை. ஆல்கஹால் வெளியேறும்வரை நெடுநாள் உலரவிட்ட பிறகே பொருளைக் கடைசலில் ஏற்றுவார்கள்.

முத்துப் பளபளப்புக்கு மீன் செதிலிலிருந்து எடுத்த குவானின் படிகங்களைச் சேர்த்தார்கள். கோட்டைப்பட்டினக் கரையில் இறங்கும் சூடை மீனின் வெள்ளி மினுக்கமும் குவானினால் வருவதே. பிசையும்போது படிகங்கள் ஓட்டத்தின் திசையில் படியும். அதனால் ஒரே நிறத் துண்டுகளும், கிடக்கும் கோணத்துக்கேற்ப ஒன்று ஒளிரும், ஒன்று இருளும்.

அடுக்குக்கட்டியில் தகடுகளுக்குச் செங்குத்தாகத் தண்டை அறுத்தால் வளையங்கள் தெரியும்; தகடுகளின் போக்கிலேயே அறுத்தால் நீளவரிகள் தெரியும். வரி முன்பே இருந்ததென்றால் தொழிலாளியின் உழைப்பு எதற்கு என்று நியாயவாதி கேட்பார். சூக்குமமாக இருந்ததைத் தூலமாக்கவே என்பது சித்தாந்தியின் விடை. அடுக்கில் இல்லாத நிறத்தை எந்த அறுப்பும் தராது. ஆகவே விடையில் வலு இருக்கிறது. ஆனால் எந்த வரி வெளிப்பட வேண்டும் என்பதைக் கட்டி தானே தீர்மானிப்பதில்லை.

இங்கேதான் சித்தாந்தம் சொல்லும் மூன்று காரணங்களும் வேண்டியிருக்கின்றன. செல்லுலாய்டு முதற்காரணம், வாளும் கடைசலும் துணைக்காரணம், அறுப்பவர் நிமித்த காரணம். உலகத்துக்கு மாயை முதற்காரணம், சிவசக்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம் என்கிறது சித்தாந்தம். அறிவற்ற மாயை தானே உலகாக விரியாது என்பதே அதன் வாதம். பேனாவின் வரி இறைவன் உண்டென்று நிறுவிவிடாது. பேனாவை ஆக்கிய கை கண்ணுக்குத் தெரிந்தது, உலகை ஆக்கியது அப்படியல்ல. ஆயினும் பொருளில் உள்ள சாத்தியம் வேறு, அதை வெளிக்கொணரும் அறிவு வேறு என்ற சித்தாந்தப் பாகுபாட்டை அது ஐயமறத் தெளிவாக்குகிறது.