பழைய கதவும் பிறர் உடைமையும்

பழைய தளபாடங்களைத் தேடி வாங்கி வீட்டில் வைப்பதில் இன்று பலருக்கு விருப்பம் உண்டு. சாய்மனைக் கதிரை, பெட்டகம், தேக்கு அலுமாரி, இடித்த வீடுகளின் நிலை, கதவு, யன்னல் என்பன பழைய சாமான் கடைகளில் விலைக்கு வருகின்றன. இவ்விருப்பத்தில் குற்றம் காண்பதற்கில்லை. தேக்கிலும் முதிரையிலும் செய்த பொருள் மூன்று தலைமுறைக்கு நின்று பயன்படும். ஆணியை நம்பாது கழுந்தும் துளையுமாகப் பொருத்திய தச்சனின் உழைப்பு விறகாகிப் போகாமல் காக்கப்படுகிறது. சிக்கனமும் நன்றியறிதலும் இங்கே ஒன்று சேர்கின்றன.

ஆயினும் வாங்குபவர் கேட்டறிய வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இந்தப் பொருள் தன் வீட்டை விட்டு எப்படி வெளியேறியது?

உடையவர் மனமுவந்து விற்றிருக்கலாம். நம் நாட்டிலோ வேறு வழிகளும் இருந்தன. 1983 ஜூலையில் தென்னிலங்கையில் தமிழர் வீடுகள் சூறையாடப்பட்டன. 1990 ஒக்டோபர் 30 ஆம் நாள் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் சில மணி நேர அவகாசத்தில், உடைமைகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். 1995 இல் அதே ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். பின்னர் திரும்பி வந்தவர்களிற் பலர் கூரையும் கதவும் கழற்றப்பட்ட வெறுஞ் சுவர்களையே கண்டார்கள். அந்தக் கதவுகள் காற்றிற் கரைந்துவிடவில்லை. ஒருவர் கழற்றினார், ஒருவர் விற்றார், ஒருவர் வாங்கினார்.

“நான் களவெடுக்கவில்லையே, கடையிற் காசு கொடுத்தல்லவா வாங்கினேன்” என்று சிலர் கூறுவர். புனித தோமஸ் அக்குவைனாஸ் இதற்கு விடை தந்திருக்கிறார். திருப்பிக் கொடுக்கும் கடமை இரு வழிகளில் வரும் என்பது அவர் போதனை. ஒன்று, பொருளை எடுத்த செயலினால் வருவது. மற்றது, பிறர் பொருள் நம் கையில் இருப்பதனாலேயே வருவது. எடுத்தவன் நாமல்ல என்பதால் முதலாவது நீங்கலாம், இரண்டாவது நீங்காது.

“நாங்கள் வாங்காவிட்டால் வேறொருவர் வாங்குவார்” என்பதும் வழக்கமான நியாயம். வாங்குவார் இல்லாத ஊரில் கழற்றுவாருக்கும் வேலையில்லை என்பதை இந்த நியாயம் மறைத்துவிடுகிறது.

சட்டத்திற் குற்றமில்லாத வாங்கலும் உண்டு. ஊரை விட்டுப் போகும் அவசரத்தில், கப்பற் காசுக்கோ அரிசிக்கோ, பாட்டியின் பெட்டகத்தை ஒருவர் கால் விலைக்குக் கொடுக்கிறார். அவர் சம்மதித்தே கொடுத்தார். அந்தச் சம்மதத்தைப் பெற்றது நம் காசா, அவருடைய பசியா? அயலவரின் இடரில் கிடைத்த மலிவை அதிர்ஷ்டம் என்று சொல்ல மனச்சாட்சி இடந்தராது.

ஆகவே கடைக்காரரிடம் விலையைக் கேட்குமுன் வரலாற்றைக் கேட்போம். கதவிலே பெயரோ ஆண்டோ செதுக்கப்பட்டிருந்தால் அதைச் சுரண்டி அழிப்பதை விடுத்து, விசாரிப்போம். பதில் மழுப்பலாக இருந்தால் பொருளை அங்கேயே விட்டு வருவோம். அறியாமல் வாங்கியதற்கு உரியவர் வந்தால் மனமுவந்து கொடுப்போம். தேடியும் உரியவர் அகப்படாவிடில், அவர் பெயரால் ஏழைகளுக்குக் கொடுப்பது தகும் என்றும் அக்குவைனாஸ் கூறுகிறார். சக்கேயு நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தான். நம்மிடம் கேட்கப்படுவது ஒரு மடங்கே.

“இது எங்கே வாங்கியது, அப்பா?” என்று பிள்ளை கேட்கும்போது தயங்காமற் பதில் சொல்லக்கூடிய பொருளே வீட்டுக்கு அழகு.