மாலையில் திரும்பியவர்கள்

1921 பிப்ரவரி 13. பனி மூடிய மாஸ்கோ. அரசே வேண்டாம் என்று வாழ்நாளெல்லாம் சொல்லிவந்த பீட்டர் குரோபோட்கினின் இறுதி ஊர்வலம். அவர் வழி நின்று சிறைப்பட்டிருந்த தோழர்கள் சிலரைப் போல்ஷெவிக்குகளின் புதிய ஆட்சி அந்த ஒரு நாளைக்கு மட்டும் வெளியே விட்டது. திரும்பிவிடுவதாக வாக்குக் கொடுத்து வந்தார்கள். கல்லறையருகே நின்றார்கள். மாலையில் சிறைக்குத் திரும்பினார்கள்.

இந்தக் காட்சியோடு சற்று நேரம் அமைதியாக இருப்போம்.

குரோபோட்கினின் கொள்கைக்குப் பெயர் அராஜகம். அச்சொல்லுக்குக் கலவரம் என்றே பொருள் கேட்டுப் பழகிவிட்டோம். சொல்லின் பொருளோ அரசன் இல்லாமை, அவ்வளவுதான். அமூர் ஆற்றைக் கடக்க மான்கள் கூட்டங்கூட்டமாய்ச் சேர்வதை இளமையில் கண்டவர் குரோபோட்கின். உயிர்கள் ஒன்றையொன்று தாங்கியே வாழ்கின்றன, மனிதனுக்கும் அது இயல்பு என்று நம்பினார். மென்மையான நம்பிக்கை. எனக்கு அது பிடிக்கும்.

ஆனால் ஜார் மன்னர் 1917இல் வீழ்ந்தார். அவர் காலத்து மாஸ்கோ சிறையான புட்டிர்க்கா வீழவில்லை. புதியவர்களும் அதையே நிரப்பினார்கள். அரியணை காலியாகிவிட்டது; அதில் அமரும் ஆசை காலியாகவில்லை. அந்த ஆசை யாரோ சிலருடையது என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டில், அலுவலகத்தில், பிள்ளையிடம், நம் சொல்லே நிற்க வேண்டும் என்று நாம் தவிக்கும்போதெல்லாம் அது மெல்லத் தலைதூக்குகிறது. அது இருக்கும்வரை எந்தப் புரட்சி தந்த விடுதலையும் இரவல் விடுதலைதான்.

அதே 1917இல், ஜாருக்குப் பின் வந்த இடைக்கால அரசின் தலைவர் கெரென்ஸ்கி குரோபோட்கினுக்கு அமைச்சர் பதவி தர முன்வந்தார். முதியவர் மறுத்துவிட்டார். நாற்பது ஆண்டு நாடு கடந்து வாழ்ந்தவருக்கு நாற்காலி தேடி வந்தது, மனம் அசையவில்லை. அவர் எழுதிய நூல்களைவிட இந்த மறுப்பிலேயே அவருடைய விடுதலையை நான் காண்கிறேன். அரசின்மை முதலில் அவருக்குள் நிகழ்ந்திருந்தது.

இதைச் சாக்காக்கி, உள்ளே அமைதி இருந்தால் சிறையும் சுகமே என்று பூட்டப்பட்டவரிடம் போதிக்கும் ஆன்மிகம் எனக்கு உவப்பில்லை. அன்று மாலை திரும்பியவர்களுக்குக் சிறைக் கதவு திறக்கப்படத்தான் வேண்டியிருந்தது. ஆனால் காவலரின்றியே அவர்களை வாக்குக் காக்க வைத்த அந்த நிதானம், எந்த ஆட்சியும் கொடுத்ததல்ல. அதனால் எந்த ஆட்சியாலும் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த நிதானம் நம்மிடமும் இருக்கிறது, மூச்சைப் போல, அவ்வளவு அருகில். இன்றிரவு விளக்கணைக்குமுன், இன்று யாரை ஆளப் பார்த்தேன் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை அவசரப்பட வேண்டாம்.