நில்லா வண்டியும் நின்ற ஆண்டவரும்

தூத்துக்குடியிலிருந்து பகற்பொழுதிலேயே விரைந்து சென்னை சேர விரும்புகிறவர், விடியுமுன் திருநெல்வேலிக்குப் போயாக வேண்டும். 2023 செப்டம்பர் 24 அன்று தொடங்கப்பெற்ற திருநெல்வேலி – சென்னை எழும்பூர் வந்தே பாரத் வண்டி, ஏறத்தாழ 650 கிலோமீட்டர் தொலைவை எட்டு மணி நேரத்துக்கும் குறைவாகக் கடக்கிறது. தொடங்கியபோது அதற்கு அளிக்கப்பட்ட இடைநிறுத்தங்கள் ஆறே: விருதுநகர், மதுரை, திண்டுக்கல், திருச்சி, விழுப்புரம், தாம்பரம். நம் ஊருக்குக் கிளைப்பாதை பிரியும் வாஞ்சி மணியாச்சி அவற்றுள் இல்லை. ஆகவே நாம் ஐம்பது கிலோமீட்டர் சாலைவழி சென்று வண்டியேறி, மணியாச்சியைக் கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு போகிறோம்.

2024-ஆம் ஆண்டில் ஒருநாள், சென்னையில் நடந்த கூட்டமொன்றிற்காக அவ்வண்டியில் இடம் பதிவு செய்திருந்தேன். அதிகாலை நான்கு மணிக்குப் பங்கு இல்லத்தின் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது பங்கு மக்களுள் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "அப்பாவுக்கு ரொம்ப முடியல சாமி. உங்களத்தான் கேக்காங்க" என்றார். வீடு கடற்கரையோரம், நான் போகவேண்டிய சாலைக்கு எதிர்ப்புறம். அங்குப் போய்த் திரும்பினால் வண்டி தவறிவிடும். அண்டைப் பங்கின் குருவைத் தொலைபேசியில் எழுப்பினேன். உடனே வருவதாகச் சொன்னார். அவர் வருவார், நான் நாளை வந்துவிடுகிறேன் என்று அந்த மகனிடம் கூறிவிட்டு, காத்திருந்த வாடகைக் காரில் ஏறினேன்.

அந்தப் பெரியவர், இக்கரையில் கடைசியாக நடைபெற்ற 1961-ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் பதினேழு வயது இளைஞனாக மூழ்கியவர். பின்னர் நெடுங்காலம் சங்கு குளித்தார். மாத முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டு செல்லும்போதெல்லாம், கல்லில் கால் வைத்துக் கடலுக்குள் இறங்கிய கதையைத்தான் சொல்வார். படகில் கயிறு பிடித்திருப்பவன் வேறு பக்கம் திரும்பக் கூடாதாம். கீழே போனவன் எந்த நொடியில் கயிற்றை அசைப்பான் என்பது யாருக்கும் தெரியாதாம். நூறு முறையாவது கேட்டிருப்பேன்.

வண்டி மணியாச்சியைக் கடந்தது நன்றாக நினைவிருக்கிறது. நடைமேடையில் சிலர் நின்றார்கள். முகம் எதுவும் தெரியவில்லை. அந்த வேகம் எனக்கு இனிமையாகவே இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. திண்டுக்கல் தாண்டியதும் அண்டைப் பங்கின் குரு அழைத்தார். நோயில்பூசுதல் முறைப்படி நிறைவேறியது. பெரியவர் காலை ஏழு மணிக்கு இறைவனடி சேர்ந்துவிட்டார் என்றார்.

அருளடையாளத்தின் பயன் அதை நிறைவேற்றும் குரு இன்னார் என்பதைச் சார்ந்ததன்று எனக் குருமடத்தில் கற்றோம். அவ்வகையில் பெரியவருக்கு எக்குறையும் நேரவில்லை. ஆயினும் அவர் "உங்களத்தான்" என்றல்லவா கேட்டிருந்தார்!

விரைவைப் பழிப்பது என் நோக்கமன்று. தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தது 1876-இல். சென்னையிலிருந்து இங்கு வந்து கொழும்புக்குக் கப்பலேறுவோரைச் சுமந்த போட் மெயில் வண்டிக்கு அத்தொலைவைக் கடக்க ஏறத்தாழ 22 மணி நேரம் பிடித்தது. அந்த நாள் திரும்ப வரவேண்டுமென்று யாரும் செபிக்கப்போவதில்லை. 1977 ஆகஸ்டு 15 அன்று மீட்டர் பாதையில் வைகை விரைவு வண்டி ஓடத் தொடங்கியபோது, காலையில் மதுரையில் ஏறிப் பிற்பகலில் சென்னையில் இறங்கலாம் என்பதே தென்னாட்டுக்குப் புதுமையாக இருந்தது. நோயாளிக்கும், நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் பெண்ணுக்கும் பகல் வண்டியின் அருமை தெரியும். அதே வேளையில் விரைவு தன் வழியில் சில ஊர்களை விட்டுவிட்டுத்தான் போகும் என்பதையும் இந்தத் துறைமுகம் அறியும். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் தனுஷ்கோடி வழியே இலங்கை செல்வது எளிதாயிற்று; போட் மெயிலும் அப்பக்கம் திரும்பிவிட்டது.

ஒரு நிறுத்தத்தின் விலை என்ன? எட்டுப் பெட்டி வந்தே பாரத் வண்டியில் 530 இருக்கைகள். வேகம் தணிந்து, நின்று, மீண்டும் வேகம் பிடிக்க ஐந்து நிமிடம் வீணாகிறது என வைத்துக்கொண்டால், மொத்தம் 2,650 நிமிடம், அதாவது 44 மணி நேரம். மணியாச்சியில் ஏறும் இருபது பேருக்கு ஆளுக்கு இரண்டு மணி நேரம் மிஞ்சினால் 40 மணி நேரம். ஏறத்தாழ சரிக்குச் சரி! ஆனால் குளிரூட்டிய பெட்டியில் செய்தித்தாள் படிப்பவரின் ஐந்து நிமிடமும், நோயுற்ற தாயை அழைத்துக்கொண்டு நடுநிசியில் வாடகைக் கார் தேடுகிறவரின் ஐந்து நிமிடமும் ஒரே எடையுள்ளவையா? பகிர்வு நீதி எண்ணிக்கையின் சமத்துவத்தை அன்று, தகவின் சமத்துவத்தையே நாடுகிறது என்பார் புனித தாமஸ் அக்குவினாஸ். கூட்டல் கழித்தல் இங்குப் போதாது.

இன்னொன்று. அவசரம் நம் நேரத்தை மட்டும் மாற்றுவதில்லை, பார்வையையும் மாற்றிவிடுகிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர் 40 பேரைக் கொண்டு டார்லி, பேட்சன் என்னும் உளவியலாளர் இருவர் நடத்திய ஆய்வு 1973-இல் வெளிவந்தது. சொற்பொழிவாற்ற அடுத்த கட்டடத்துக்குச் செல்லும் வழியில், ஒரு மனிதன் இருமிக்கொண்டு துவண்டு கிடக்குமாறு செய்தார்கள். அவசரமின்றி அனுப்பப்பட்டவர்களுள் 63 விழுக்காட்டினர் உதவ முன்வந்தனர். நேரமாகிவிட்டது என விரட்டப்பட்டவர்களுள் 10 விழுக்காட்டினரே. அம்மாணவர்களுள் பாதிப்பேருக்குத் தரப்பட்ட தலைப்பு நல்ல சமாரியர் உவமை! எரிகோ சாலையில் விலகிப்போன குருவை எத்தனை மறையுரைகளில் சாடியிருக்கிறேன்! அவரும் எதற்கோ நேரமாகிவிட்டதென்றுதான் போயிருப்பார்.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தைப் பலமுறை வாசித்தும் நான் கவனியாத ஒன்றை அன்று வண்டியில் கண்டேன். சாகும் நிலையிலிருக்கும் சிறுமியை நோக்கி இயேசு விரைகிறார். இரத்தப்போக்கினால் வருந்திய பெண் அவரது ஆடையைத் தொடுகிறாள். தொட்ட உடனேயே குணமாகிவிடுகிறாள். ஆக, அவர் நிற்கத் தேவையே இல்லை. அவளுக்கு வேண்டிய பயன் கிடைத்தாயிற்று. ஆனாலும் நிற்கிறார், தொட்டது யாரெனத் தேடுகிறார், அவள் தன் கதை முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறார். அந்த இடைவெளியில்தான் சிறுமி இறந்த செய்தி வருகிறது. யாயீரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! ஆண்டவர் பின்னர் அவளை எழுப்பினார் என்பதால் அந்த நிறுத்தத்துக்கு விலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இதைக் கொண்டு ஒரு கால அட்டவணை வகுக்கவும் முடியாது. நமக்கு எழுப்பும் வல்லமை இல்லை. யாயீரின் மகளும் நம் வண்டியில்தான் இருக்கக்கூடும். எனினும், உரியதைக் கொடுத்து முடித்த பின்னும் ஒருவருக்கு நாம் ஏதோ கடன்பட்டிருக்கிறோம் என்பதும், நிற்காமல் அக்கடனைத் தீர்க்க இயலாது என்பதும் அன்று எனக்குப் புரிந்தது.

அன்று மாலையே முத்துநகர் விரைவு வண்டியில் திரும்பினேன். இரவெல்லாம் ஊர் ஊராய் நின்று, மணியாச்சியிலும் நின்று, காலையில் தூத்துக்குடியில் இறக்கிவிட்டது. நேரே பெரியவரின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் ஐஸ் பெட்டியைச் சுற்றி உறவினர் அமர்ந்திருந்தனர். மகன் எழுந்து வந்து எனக்கு ஒரு நாற்காலி போட்டார். குரலில் குறையேதும் இல்லாமல் கேட்டார்:

"நேத்து வண்டியப் புடிச்சிட்டீங்களா சாமி?"